சல்லடைக்காரி புருல்சா

"அட்டையத் தூக்காத. கைய எடு."

புருல்சா ஏஜே இதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வார். கணினித் திரையின் வலது மூலையில், தேயிலைப் பெட்டியிலிருந்து வெட்டிய அட்டைத் துண்டு ஒன்றை ஒட்டிவைத்திருக்கிறார். அதற்குப் பின்னால்தான் சதவீதம் ஒளிந்திருக்கிறது. ஆய்வேட்டில் எவ்வளவு சொந்த எழுத்து, எவ்வளவு பிறருடையது என்று மென்பொருள் போடும் மதிப்பெண் அது. எழுபது வந்தால் ஆய்வேடு உள்ளே போகும். அறுபத்தொன்பது என்றால் எழுதியவரோடு வீட்டுக்குப் போகும். வருகிறவர்களுக்கு அந்த எண் மட்டும் தெரிந்தால் போதும். ஏஜே முதலில், பிறருடையவை என்று மென்பொருள் மஞ்சள் பூசிக் காட்டும் வாக்கியங்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிப்பார். "எண்ணு எங்கயும் ஓடிப்போகாது. மொதல்ல என்ன எழுதியிருக்கேன்னு பாரு. எழுதும்போதுதான் பாக்கல, இப்பவாவது பாரேன்."

அந்த மென்பொருளை நாங்கள் சல்லடை என்கிறோம். நாரின் நகரில் ஆற்றை ஒட்டி இருக்கிறது எங்கள் மேய்ச்சல்நிலக் கல்லூரி. நூலகப் படிக்கட்டுக்குக் கீழே ஒரு சின்ன அறையில் சல்லடையும் ஏஜேயும் இருக்கிறார்கள். அக்கா என்பதைத்தான் இங்கே ஏஜே என்கிறோம். அறுபத்தொரு வயதாகியும், ஓய்வூதியம் வாங்க ஆரம்பித்தும், முதல்வர் முதல் கொதிகலன் அறைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் ஏஜேதான்.

சல்லடையை ஏமாற்றப் பலர் முயல்கிறார்கள். எங்கள் சிரிலிக் எழுத்தைப் போலவே தோற்றமளிக்கும் லத்தீன் எழுத்துகளை வரிக்கு நான்கு என்று தூவினால், சொல் வேறு சொல்லாகிவிடும். சல்லடைக்கு அடையாளம் தெரியாது. ஏஜேக்குத் தெரிந்துவிடும். திரையில் விரலை வைத்து, "இந்த 'ஓ' நம்ம ஊரு 'ஓ' இல்லையே தம்பி, எந்த பஸ்ஸுல வந்து எறங்குச்சு?" என்பார். ஒருவன் பக்கங்களுக்கு நடுவே வெள்ளை நிறத்தில் நூற்றுக்கணக்கான சொற்களை ஒளித்துவைத்திருந்தான், சொந்த எழுத்தின் அளவு கூடிக் காட்டட்டும் என்று. "பனியில வெள்ளை முயல மேய விட்டிருக்கான்" என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் கறுப்பாக்கினார். பிறந்தநாள் வாழ்த்து ஒன்று, கால்பந்துச் செய்தி ஒன்று, கேக் செய்முறை ஒன்று வெளிவந்தன. கேக் செய்முறையை மட்டும் அச்செடுத்து வைத்துக்கொண்டார்.

மேசை இழுப்பறையில் காய்ந்த தயிர் உருண்டைகள் எப்போதும் இருக்கும். கல் மாதிரி கெட்டி, உப்பு தூக்கல். அறிக்கை மோசமாக வந்தவர்களுக்கு முதலில் ஒரு உருண்டையைக் கொடுத்து, வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் விஷயத்தைச் சொல்வார். அதை மெல்லவும் முடியாது, துப்பவும் முடியாது. கால் மணி நேரத்துக்கு எதிர்வாதம் கிடையாது. ஒருமுறை எனக்கும் கிடைத்தது. நான் கல்லூரியின் ஆய்விதழைத் தொகுப்பவன். என் தலையங்கத்தில் இருந்த ஒரு பத்தியை நானே ஐந்து வருடத்துக்கு முன் எழுதியிருந்தேனாம். "சொந்த வீட்டுலயே திருடியிருக்கீங்க எர்மெக்" என்றார்.

இருபது வயதில் தட்டச்சு வேலைக்கு வந்தவர். அந்த அறையில் அப்போது நான்கு பெண்கள். பிறகு கணினி வந்தது. மற்ற மூவரும் ஒவ்வொருவராகப் போனார்கள். யாருக்கும் வேண்டாத வேலைகளெல்லாம் ஏஜேயிடம் வந்து சேர்ந்தன. சல்லடையும் அப்படி வந்ததுதான். வந்த முதல் வருடமே அதில் ஒரு குறை கண்டுபிடித்தார். "இதுக்கு இன்டர்நெட்டுல இருக்குறது மட்டுந்தான் தெரியுது. நம்ம அலமாரியில இருக்குறது தெரியல. பயலுக பழைய அறிக்கையப் பாத்து எழுதுனா பேசாம விட்டுருது." இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து, கல்லூரியின் பழைய ஆய்வறிக்கைகள் அத்தனையையும் ஒவ்வொரு தாளாக ஸ்கேன் செய்து கணினிக்குள் ஏற்றினார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. கடைசி அடுக்கு போன ஜனவரியில்தான் முடிந்தது.

மார்ச்சில் பெகிமாய் தன் ஆய்வேட்டோடு வந்தாள். முப்பத்துமூன்று வயது, கோக்-பெல் மேய்ச்சல் நிலத்தில் வளர்ந்தவள். அப்பா இன்னும் அங்கே ஆடு மேய்க்கிறார். ஒரு ஹெக்டேர் புல் கோடையில் எத்தனை ஆடுகளைத் தாங்கும் என்பதுதான் அவள் ஆய்வு. இரண்டு கோடை அங்கேயே கூடாரம் போட்டு, புல்லை வெட்டி, உலர்த்தி, நிறுத்துப் பார்த்திருந்தாள். இதழுக்கு வந்த கட்டுரைகளைச் சல்லடையில் போட நானும் அன்று அங்கே காத்திருந்தேன்.

அறிக்கை வந்தது. ஏட்டில் மஞ்சளே கிட்டத்தட்ட இல்லை. ஏஜே மகிழ்ந்துபோனார். "ஒரு உருண்டை எடுத்துக்க. இது தண்டனை இல்ல, பரிசு." நாற்பத்திரண்டாம் பக்கத்தில் மட்டும் ஒரு வாக்கியம் மஞ்சளாக இருந்தது: 'கோக்-பெல் புல்வெளி ஹெக்டேருக்கு 3.1 ஆடுகளைத் தாங்கும் என்பது நிறுவப்பட்ட உண்மை.'

"இதுக்கு அடிக்குறிப்பு போட்டிருக்கேன் ஏஜே" என்றாள் பெகிமாய்.

"போட்டிருக்க. ஆனா இதே வாக்கியம் இருபத்தேழு எடத்துல இருக்கு பாரு." பட்டியலை ஏஜே மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே போனார். திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. "எர்மெக், இங்க வாங்க. அதுலெல்லாம் 'ஹெக்டேர்'ல ஒரு எழுத்து கொறையுது. இருபத்தேழு பேருக்கும் கொறையுது! எழுத்துப்பிழையக்கூட சிந்தாம சிதறாம எடுத்திருக்காங்க."

ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் எழுதியவரின் அடிக்குறிப்பையே எடுத்துப் போட்டிருந்தார்கள். அத்தனையும் போய் நின்ற இடம் 1984-ம் வருட அறிக்கை ஒன்று, எங்கள் கல்லூரியின் காலஞ்சென்ற ஆய்வாளர் இமான்கூல் எழுதியது. அதைத் திறந்து பார்த்தவர் யாரும் இல்லை. திறந்து பார்த்திருந்தால் தவறான பக்க எண்ணை இத்தனை பேர் கொடுத்திருக்க மாட்டார்கள். ஏஜே அந்தத் தாளின் படத்தைத் திரையில் பெரிதாக்கினார். ஊதா நாடாவில் அடித்த எழுத்துகள். ஒரு எழுத்து மட்டும் வரிக்கு மேலே எம்பி நின்றது.

சிரிப்பு நின்றுவிட்டது. "இது என் மெஷினு" என்றார்.

பெகிமாய்க்கு எதுவும் புரியவில்லை. அவள் தன் கவலையில் இருந்தாள். மெதுவாகக் கேட்டாள்: "ஏஜே, ஒண்ணு சொல்லவா? எனக்கு மூணு புள்ளி ஒண்ணு வரல. ரெண்டு வருஷமும் ஒண்ணு புள்ளி மூணுதான் வந்துச்சு. வழிகாட்டிதான், 'எல்லாரும் மூணுக்கு மேல சொல்றாங்க, நீ எங்கயோ தப்பு பண்ணியிருக்க, இந்த வாக்கியத்தச் சேத்துரு'ன்னாரு."

ஏஜே எழுந்து கிடங்கு அறைக்குப் போனார். போனவர் திரும்பிவர ஒரு மணி நேரம் ஆயிற்று. முட்டியெல்லாம் தூசி. கையில் நூல் கட்டிய கோப்பு. இமான்கூல் தட்டச்சுக்குக் கொடுத்த கையெழுத்துப் படி. அந்த வரியில் விரலை வைத்தார். அழகான, உருண்டையான கையெழுத்து. ஒன்று, புள்ளி, மூன்று. சந்தேகப்பட இடமே இல்லை.

"மாத்தி அடிச்சிட்டேன்" என்றார்.

"அன்னைக்கு என்ன ஆச்சு ஏஜே?" என்று கேட்டேன். ஏதாவது காரணம் சொல்வார், நாமும் ஆறுதல் சொல்லலாம் என்று நினைத்தேன்.

"ஞாபகமே இல்ல. சும்மா ஒரு நாளா இருந்திருக்கும்."

பெகிமாய் கையெழுத்துப் படியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சொன்னதை நான் மறக்கவில்லை. "அரசாங்கம் கூட்டுப்பண்ணைய கலைச்சப்ப, இந்த எண்ண வச்சுத்தான் அப்பாவுக்கு ஆடு பிரிச்சு விட்டாங்க. நாலே வருஷத்துல சரிவு மொட்டையாயிருச்சு. தனக்கு மேய்க்கத் தெரியலன்னு நெனச்சுக்கிட்டாரு. இன்னும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்காரு. அவரோட அண்ணன் தம்பிங்க விருந்துக்கு வந்தா இத வச்சே கிண்டல் பண்ணுவாங்க. அவரும் சேந்து சிரிப்பாரு."

ஏஜே அன்று மத்தியானம் ரொட்டியைத் தொடவில்லை.

மறுநாள் வழிகாட்டி தோரோன்பெக் அந்த அறைக்கு வந்தார். அவருடைய முனைவர் பட்ட ஏடும் அந்த இருபத்தேழில் ஒன்று. கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். நான் வெளியே படிக்கட்டில் நின்றிருந்தேன்; அவர் குரலோ நூலகம் முழுக்கக் கேட்கும் குரல். "ஏஜே, பொண்ணோட எண்ண அப்படியே விட்டுருவோம், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா பழசக் கெளறணுமா? நாப்பது வருஷ ஆராய்ச்சி ஒரு டைப்பிஸ்ட் விரல்ல நின்னுச்சுன்னு வெளிய தெரிஞ்சா, தலைநகர் பிஷ்கெக்ல என்ன சொல்லுவாங்க?"

"சிரிப்பாங்க" என்றார் ஏஜே. "சிரிச்சிட்டு, அவங்கவங்க எண்ண எடுத்துச் சரிபாப்பாங்க. நீங்க ஒக்காருங்க. உங்கள ஒண்ணு கேக்கணும். நீங்க தொண்ணூத்தாறுல கோக்-பெல் போய் புல்லு வெட்டுனீங்களே, நான்தானே உங்க பயணப் படிவம் அடிச்சேன். உங்களுக்கு எத்தன வந்துச்சு?"

உள்ளே நாற்காலி ஒன்று இழுபட்டது. பிறகு தோரோன்பெக்கின் குரல், அவருடையதுதானா என்று சந்தேகப்படும்படி தாழ்ந்து கேட்டது. "ஒண்ணு புள்ளி நாலு."

"அப்புறம்?"

"தராசு கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

இரண்டு நாளில் ஏஜே எனக்கு ஒரு தாள் கொண்டுவந்தார். ஒன்பது வரி. நாற்பது வருடமாக எல்லோருடைய எழுத்தையும் அடித்தவர், தன் பெயர் போட்டு எழுதிய முதல் எழுத்து. 1984 அறிக்கையில் 1.3 என்று இருக்க வேண்டியது 3.1 என்று தட்டச்சாகிவிட்டது. தட்டச்சு செய்தவர் புருல்சா. கையெழுத்துப் படி நூலகத்தில் பார்வைக்கு இருக்கிறது. கீழ்க்கண்ட இருபத்தேழு ஆய்வுகளில் இந்த எண் இடம்பெற்றுள்ளது. பட்டியலை, சான்று நூல்களை வரிசைப்படுத்தும் மென்பொருளில் போட்டு, தேதி, பக்கம், எல்லாம் சரிபார்த்திருந்தார். இருபத்தேழு பேரும் தவறாகக் கொடுத்த பக்க எண்ணையும் போகிறபோக்கில் திருத்தியிருந்தார்.

"பேரு வேண்டாமே ஏஜே" என்றேன். "'தட்டச்சாளர் பிழை'ன்னு போட்டா போதும். வழக்கமே அதுதான்."

"தட்டச்சாளர்னா யாரு? நாங்க நாலு பேரு இருந்தோம். ஒருத்தி செத்துப்போயிட்டா. மத்த ரெண்டு பேரும் பேரப்பிள்ளைங்களோட நிம்மதியா இருக்காங்க. யாராவது படிச்சிட்டு அவங்க மூஞ்சியப் பாக்கணுமா?" தாளை என் பக்கம் தள்ளினார். "அடுத்தவன் எழுதுனத தன்னோடதுன்னு சொல்றவனத் தினம் திட்டுறேன். என்னோடத யாரோடதோன்னு சொல்லலாமா?"

ஏப்ரல் இதழில் வந்தது. ஒரு வாரம் கல்லூரியில் அதே பேச்சு. தாழ்வாரத்தில் கால்நடைத் துறைக்காரர் ஒருவர், "வழி விடுங்கப்பா, நாப்பது வருஷமா ஆட்டப் பட்டினி போட்டவங்க வர்றாங்க" என்று உரக்கச் சொன்னார். ஏஜே நின்று, "உங்க கட்டுரை பட்டியல்ல பதினொண்ணாவது. பட்டினி போட்டதுல நீங்களும் பங்காளி" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அறைக்குள் போனதும் கொஞ்ச நேரம் கோட்டுகூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அதை எழுதுவதற்கு அவர் என்னைக் கோபித்துக்கொள்ளக்கூடும்.

மே மாதம் பெகிமாயின் வாய்மொழித் தேர்வு நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், இவ்வளவு குறைந்த எண்ணை எப்படி நம்புவது என்று கேட்டார். பெகிமாய் வாயைத் திறப்பதற்குள் தோரோன்பெக் எழுந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்து, தொண்ணூற்றாறாம் வருடத்துத் தன் அளவுகளை நாள்வாரியாகப் படித்தார். கடைசியில், "இது என்கிட்டயே இருந்துச்சு. வெளிய சொல்லத் தைரியம் இல்ல" என்று சொல்லி உட்கார்ந்தார். தேர்வாளர் அந்த எண்ணை ஏற்றுக்கொண்டார். மேய்ச்சல் குழு, வரும் கோடைக்குக் கோக்-பெல்லில் பாதிச் சரிவை ஓய்வுக்கு விட ஒப்புக்கொண்டிருக்கிறது. மீதியைப் பற்றி இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தேர்வு முடிந்த அன்று பெகிமாயின் அப்பா ஏஜேயின் அறைக்கு வந்தார். ஏஜேயை விட மூன்று வயது இளையவர். வெயிலிலும் காற்றிலும் நின்று பத்து வயது மூத்தவர் போல இருந்தார். தோலாடையைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, கொண்டுவந்த ஆட்டிறைச்சிப் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

ஏஜே எழுந்து நின்றபடியே பேசினார். "எல்லாத்துக்கும் நான்தான் காரணம். உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு இருந்தேன்."

அவர் இதழை வாங்கி அந்த ஒன்பது வரியை உதடசைத்துப் படித்தார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"அப்ப புல்லுதான் பத்தல" என்றார்.

"ஆமா. புல்லுதான் பத்தல."

"என் மேய்ப்பு சரிதான்."

"சரிதான்."

அவர் தலையை ஆட்டினார்.  தேநீர் குடித்தார், இன்னொரு கிண்ணமும் குடித்தார். இதழைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வாங்கிக்கொண்டார். மலைக்குப் போகும் வண்டிக்கு நேரமாயிற்று என்று எழுந்தார்.

அவர் கை நீட்டுவதற்குள் ஏஜே அந்தத் தோலாடையை எடுத்து, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். எங்கள் பக்கத்தில் வயதில் பெரியவர்களுக்குச் செய்கிற மரியாதை அது. மூத்தவர் இளையவருக்குச் செய்வதில்லை. அவர் திகைத்து, "ஏஜே, நீங்க போயி…" என்றார். ஏஜே கையைத் தாழ்த்தவில்லை. ஆடை கனம்.  அந்த மனிதர் மெல்லத் திரும்பி, முதுகைக் காட்டி, ஒரு கையை உள்ளே நுழைத்தார்.