சந்தனம் அப்பிய இரும்பு

அப்பாவிடம் ஒரு காந்தம் இருந்தது. பழுதாகிப்போன ரேடியோ ஒன்றின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றியது. வட்டமாக, நடுவில் துளையோடு, பார்ப்பதற்கு உளுந்து வடை போல இருக்கும். அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வீட்டைவிட்டுக் கிளம்புவார். கல்யாண வீடோ துக்க வீடோ, வாசலில் பழைய கார் ஒன்று நின்றால் போதும், காந்தம் வெளியே வந்துவிடும். கதவின் அடிப்பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஒட்டிக்கொண்டால் தகரம். வழுக்கி விழுந்தால், துரு தின்ற ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை நாலு பேர் கேட்கச் சொல்லவும் செய்வார். காரின் சொந்தக்காரருக்கு முகம் கறுத்துவிடும். அம்மா எங்காவது போய் ஒளிந்துகொள்ள இடம் தேடுவார்.

தலவாக்கலையில் அப்பா மொரிஸ் மைனர் ஒன்றை வாடகைக் காராக, ஹயருக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அவரைவிட வயதில் மூத்த கார். அதற்குப் புதுப் பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. இன்னொரு மொரிஸ் மைனர் எங்காவது செத்தால்தான் இது பிழைக்கும். அதனால் செத்த கார்களைப் பார்ப்பதில் அப்பாவுக்கு நல்ல பழக்கம். கொழும்புப் பக்கமிருந்து வந்ததென்றால் கடல் காற்று மேலிருந்து அரித்திருக்கும், நம் மலைக் கார் என்றால் மழையும் சேறும் கீழிருந்து தின்றிருக்கும் என்பார். மேலே பொடிப்பொடியாகப் படிந்திருக்கும் துருவுக்கு அவர் பயப்படமாட்டார். மண்ணெண்ணெய் போட்டுக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். ஏடு ஏடாக உரிந்து வருகிற துருவுக்குத்தான் மருந்து கிடையாது. எல்லாவற்றையும்விடப் புதுப் பெயின்ட்தான் அவருக்குப் பெரிய சந்தேகம். பழைய சாமானை அழகாக வைத்திருப்பவனிடம் எதையும் வாங்கக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது எங்கள் காருக்கே அந்த நோய் வந்தது. முன் சீட்டுகளுக்குக் கீழே குறுக்காக ஓர் இரும்புச் சட்டம் போகும். முன் சக்கரங்களைத் தாங்குகிற கம்பிகள் இரண்டும் அதில்தான் வந்து பூட்டிக்கொள்ளும். ஹட்டனில் கார்த் தகர வேலை செய்யும் டிங்கர் பாஸ் திருப்புளியால் அதை ஒரு குத்துக் குத்தினார். திருப்புளி பிடிவரை உள்ளே போய்விட்டது. அவர் சிங்களவர், தமிழும் பேசுவார்.

"மலகட. முழுக்க மலகட" என்றார். துருவுக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். "டவுனுக்குள்ள மெதுவா ஓட்டுங்க. நல்லதண்ணி ரோட்டுக்குக் கொண்டுபோனா ரெண்டா உடையும்."

நல்லதண்ணிக்குப் போகாவிட்டால் எங்களுக்கு வருமானமே இல்லை. சிவனொளிபாதமலை சீசனில், யாத்திரை வருகிறவர்களை மலையடிவாரமான அந்த ஊருக்கு ஏற்றிப்போகிற ஓட்டம்தான் வருஷம் முழுக்கச் சோறு. சீசன் தொடங்குவதற்குள் அதே அச்சில் வந்த ஒரு சட்டம், துரு ஏறாதது, எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

அது இருந்த இடம் எங்கள் மாமாவின் வீடு. அம்மாவின் அண்ணன், பூண்டுலோயாவில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவர் ஒருவர்தான். அவரும் ஹயர் ஓட்டிப் பார்க்கலாம் என்று அப்பாவைக் கேட்காமலே ஒரு மொரிஸ் மைனரை வாங்கிவிட்டார். கேட்டிருந்தால் காந்தம் வந்திருக்கும் என்ற பயம். வாங்கிய கார் ஏற்றத்தில் ஏறவேயில்லை. கடைசியில் அறுத்துப் பாகம் பாகமாக விற்க முடிவு செய்தார். அவருடைய மகள் ஹட்டனில் தங்கி உயர்தரம் படிக்க இடம் கிடைத்திருந்தது. அந்தக் காரை விற்றால்தான் அக்கா போக முடியும்.

ஆயுத பூசைக்கு முதல் நாளே அம்மாவும் நானும் மாமா வீட்டுக்குப் போய்விட்டோம். அப்பா பூசைக்கு மறுநாள் வருவதாக ஏற்பாடு. விஜயதசமி, சாமான் வாங்க நல்ல நாள். தோட்டத்தில் ஆயுத பூசை என்றால் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, மண்வெட்டி எல்லாவற்றையும் கழுவிச் சாமி படத்துக்கு முன்னால் பரப்புவார்கள். மாமா அவற்றோடு அறுத்தெடுத்த கார் பாகங்களையும் சாக்கு விரித்து வரிசையாக வைத்திருந்தார். இரண்டு கதவு, ஒரு பொனட், அந்தச் சட்டம்.

பொட்டு வைப்பது எப்போதும் என் வேலை. மூன்று விரலால் சந்தனத்தைத் தொட்டு வைத்து, நடுவில் குங்குமம் வைப்பேன். அன்றும் கத்திகளுக்கும் கூடைகளுக்கும் நான்தான் வைத்தேன். சட்டத்துக்குப் பக்கத்தில் போனதும் அம்மா கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இத நான் வைக்கிறேன். நீ போயி அத்தைக்குப் பொரி அளந்து குடு" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். சிக்கனத்துக்குப் பெயர்போன என் அம்மா சந்தனத்தை உள்ளங்கை நிறைய அள்ளி அந்த இரும்பில் அப்பிக்கொண்டிருந்தார். கல்யாணப் பெண்ணுக்குக்கூட யாரும் அவ்வளவு பூசமாட்டார்கள். அண்ணன் வீட்டில் என்பதால் தாராளம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அப்பா வந்தார். தேநீரைக் குடித்துவிட்டுக் காந்தத்தை எடுத்தார். முதல் கதவில் வைத்தார். விழுந்தது.

"மச்சான், இது கதவு இல்ல, சல்லட. மாவு சலிக்கலாம்" என்றார்.

மாமா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். பொனட்டுக்கும் அப்பா ஏதோ சொன்னார். எனக்கு ஒரே வேடிக்கை. அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று அவர் பின்னாலேயே போனேன்.

சட்டத்துக்கு வந்தார். ஒரு முனையில் திருப்புளியின் பிடியால் தட்டினார், டங்கென்றது. மறுமுனையிலும் அப்படியே. தட்டிக்கொண்டே நடுவுக்கு வந்தவர் சந்தனத்துக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். பூசையில் வைத்த பொட்டை யார்தான் திருப்புளியால் சுரண்டுவார்கள்? காந்தத்தையும் அதன் மேல் வைக்கவில்லை. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அதைச் சுற்றி ஒரு செம்மண் நிற வளையம் ஊறியிருந்ததை நான்தான் முதலில் பார்த்ததாக நினைத்தேன்.

"அப்பா, குங்குமம் கரைஞ்சிருச்சு" என்றேன்.

அப்பா குனிந்து அந்த வளையத்தை விரலால் தொட்டார். விரலைப் பார்த்தார். பிறகு அடுப்படி வாசலில் ஈரக்கையோடு நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"ஆமா பாப்பா. பனி" என்றார்.

விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு மாமாவிடம் திரும்பி, "சட்டம் நல்லாயிருக்கு மச்சான். எடுத்துக்கிறேன்" என்றார். மாமா கேட்டதைக் கொடுத்தார், பேரம் பேசவில்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம். அதையும் ஏதாவது கிண்டல் செய்வார் என்று காத்திருந்தேன்.

பஸ்ஸில்தான் அதைக் கொண்டுவந்தோம். அந்தப் பயணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்த சட்டம் சாக்கில் சுற்றிக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கப்பட்டது. நல்ல நாள் பார்த்து ஹட்டனுக்குக் கொண்டுபோய்ப் பொருத்துவது என்று பேச்சு. ஆனால் எங்கள் வீட்டில் அந்த ஐப்பசி முழுக்க நல்ல நாளே வரவில்லை. அப்பா ஒரு நாளைச் சொன்னால் அம்மா அஷ்டமி என்பார். இன்னொரு நாள் கரிநாள். இன்னொரு நாள் அம்மாவுக்குக் கெட்ட கனவு வந்திருக்கும். பஞ்சாங்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காத அப்பாவும் ஒவ்வொரு முறையும், "சரி, நீ சொன்னா சரிதான்" என்று அடங்கிவிடுவார். இவ்வளவு ஒற்றுமையாக அவர்கள் வேறெதற்கும் இருந்து நான் பார்த்ததில்லை. சீசன் வந்தது. மற்ற கார்களும் வேன்களும் யாத்திரைக்காரர்களை ஏற்றிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின. எங்கள் கார் ஸ்டேஷனுக்கும் சந்தைக்கும் ஊர்ந்துகொண்டிருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் அதுவும் நின்றது. அப்பா அதை அறுத்து விற்றார். வாங்க வந்தவர்களிடம் எங்கெங்கே துரு இருக்கிறது என்று அவரே காட்டிக்கொடுத்ததால் விலையும் போகவில்லை. பிறகு வேறொருவரின் வேனுக்கு டிரைவராகப் போனார். அம்மா திரும்பவும் கொழுந்து பறிக்கப் போனார். அதற்குப் பிறகு எந்த ஆயுத பூசைக்கும் அம்மா சந்தனத்தைத் தொடவில்லை. கிண்ணத்தை அப்படியே என்னிடம் கொடுத்துவிடுவார். நான் பெரியவளாகிவிட்டேன் என்பதற்கு அது அடையாளம் என்று மகிழ்ந்து திரிந்தேன்.

போன வருஷம் நுவரெலியா ஆஸ்பத்திரியில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொன்னார். சட்டத்தின் நடுவில் விரல் போகிற அளவுக்கு ஓட்டை இருந்ததாம். மாமா பூசைக்கு முதல் நாளே அதை அம்மாவிடம் காட்டி, மச்சானிடம் நீயே சொல்லிவிடு என்றிருக்கிறார். அம்மாவும் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

"உங்கப்பா வாயி தெரியும்ல? அண்ணி முன்னுக்கே அண்ணன் மானத்த வாங்கிருவாரு. அந்தப் புள்ள படிப்பும் போயிரும். அதான் அப்பிட்டேன். அப்பறம் அவரு அதப் போட்டு ஓட்டிருவாரோன்னு ஒவ்வொரு நாளும் செத்துப் பொழச்சேன். கார் போனதே என்னாலதான். அப்பாகிட்ட சொல்லிராத" என்றார்.

நான் சொல்லவில்லை. அம்மாவின் முப்பதாம் நாள் படையலுக்கு மாமா வந்திருந்தார். ஹட்டனில் படித்த அந்த அக்கா இப்போது ஆசிரியை. அவர்தான் மாமாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். மாமா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"தங்கச்சி உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லியும், ஒண்ணும் தெரியாத மாதிரி அந்தச் சட்டத்த எடுத்துட்டுப் போனீங்களே மச்சான். அந்த மனசு யாருக்கு வரும்?"

இத்தனை காலமும் அம்மா சொல்லிவிட்டார் என்றே மாமா நம்பியிருக்கிறார். அப்பா திகைப்பார் என்று பார்த்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். எல்லோரும் போன பிறகு கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"சந்தனத்தச் சுத்தித் துருத் தண்ணி ஊறியிருந்துச்சே. அதத் தொட்டுப் பாத்தும் தெரியலன்னா நான் என்ன டிரைவரு? சுரண்டியிருந்தா உங்கம்மா அண்ணன் வீட்டு வாசப்படி மிதிக்க முடியுமா? அதான் பேசாம எடுத்துக்கிட்டேன். அத காருல போடுற எண்ணமே எனக்கு இல்ல. வேற ஒண்ணு வாங்கத்தான் கையில காசு இல்லாமப் போச்சு."

"அம்மாகிட்ட தனியாவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா சங்கடப்படுவா பாப்பா."

"அவங்க சங்கடப்பட்டுக்கிட்டேதாம்ப்பா இருந்தாங்க. நீங்க அதப் போட்டு ஓட்டிருவீங்கன்னு பயம். கார் போனது தன்னாலன்னு சாகுற வரைக்கும் நெனச்சுக்கிட்டிருந்தாங்க."

அப்பா, "இத்தன வருசமாவா?" என்றார். "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அவ."

எனக்கு இருவர் மேலும் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. ஒரே அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்ட இரண்டு பேர். யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே சிரித்து முடித்திருப்பார்கள். கார் போயிருக்கலாம். அம்மா இவ்வளவு காலம் குறுகிப்போய் வாழ்ந்திருக்க வேண்டியதில்லை.

அந்தப் பஸ் பயணத்தைச் சொல்ல வேண்டும். பூண்டுலோயாவில் ஏறியபோது கண்டக்டர் இரும்பைப் பார்த்து முறைத்தார். பொட்டையும் சந்தனத்தையும் பார்த்ததும் கோயில் சாமான் என்று நினைத்துவிட்டார் போலும், மரியாதையாக இடம் ஒதுக்கிக் கொடுத்தார். சனம் அதை மிதித்துவிடாமல் காலைத் தூக்கி வைத்துப் போனது. கொழுந்துக் கூடையோடு ஏறிய ஒரு பெண் குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் சட்டத்துக்குக் காவல் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் காய்ந்த சந்தனம் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடிந்தது.

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

"பாத்துப் புடி. சந்தனம் உதிர்ந்துறப் போகுது."

அம்மா இரண்டு உள்ளங்கைகளையும் அதன் மேல் வைத்து மூடிக்கொண்டார். தலவாக்கலை வரும்வரை எடுக்கவில்லை. இவ்வளவு பக்தியான அப்பா அம்மா எங்கள் ஊரில் வேறு யாருக்கும் இல்லை என்று எனக்குப் பெருமையாக இருந்தது.