சிலிண்டரில் பூசிய வெள்ளிப் பெயின்ட்

இத்தாலியின் பலெர்மோ நகரில் எனக்கும் அத்தானுக்கும் கிடைத்த முதல் வீட்டுக்குச் சில்லுகள் இருந்தன. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சீசா என்ற பகுதியில் நான் வேலை செய்த வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் கணவர், கோடையில் ஊர் சுற்றுவதற்கென்று ஒரு கேம்பர் வைத்திருந்தார். அவர் இறந்தபிறகு அந்த வண்டி ஒரேத்தோ பக்கம் ஒரு மதில் வளவுக்குள் சும்மா நின்றது. உள்ளே இரண்டு கட்டில்கள், ஒரு கழுவு தொட்டி, காஸ் அடுப்பு. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக் கடதாசி இல்லாத எங்களுக்கு எவரும் அறை தரவில்லை. குளிர் முடியும்வரை இருக்கச் சொல்லிச் சிஞ்ஞோரா திறப்பைத் தந்தார். "அதிலிருக்கும் பழைய காஸ் சிலிண்டர்களை மட்டும் தொடாதே, ஆள் அனுப்பி எடுப்பிக்கிறேன்" என்றார். ஆள் வரவேயில்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். அக்காவையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் மன்னாரில் விட்டுவிட்டு என்னை நம்பி வந்தவர். மாடிவீடுகளின் படிக்கட்டுகளைக் கழுவும் வேலை அவருக்கு. மாலையில் கைவிரல்கள் விறைத்துப்போய் வருவார். சுடச்சுட ஒரு தேத்தண்ணீர் குடித்தால் போதும், மனுஷன் சிரிப்பார். வளவுக்காரன் மின்சாரத்தை நிறுத்தியபிறகு அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

நான் ஒரு சிலிண்டரைக் கழற்றிப் போர்கோ வெக்கியோவில் உள்ள காஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரக் கிழவர் அதன் கழுத்தில் இருந்த துருவை நகத்தால் சுரண்டி, அடித்திருந்த ஆண்டைக் காட்டினார். "ஸ்கதூத்தா" என்றார். காலம் முடிந்துவிட்டது, இனி நிரப்பக்கூடாது என்று அர்த்தம். தான் வாங்கிக்கொள்ளவும் முடியாதாம். புதியது வேண்டுமென்றால் கடதாசி காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். "தீயணைப்புக்காரரிடம் சொல்லு, என்ன செய்வதென்று அவர்கள் சொல்வார்கள்" என்றார். சீருடை போட்டவன் எவனும் முதலில் பெர்மெஸ்ஸோவைத்தான் கேட்பான் என்று அந்த நாட்களில் நான் நம்பினேன். தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

பிறகு நான் செய்ததை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது. நகர எல்லைக்கு வெளியே, கார்களுக்குக் காஸ் நிரப்பும் ஒருவன் சிலிண்டர்களுக்கும் களவாக நிரப்பிக் கொடுக்கிறான் என்று கேள்விப்பட்டேன். அவனும் மறுத்துவிடுவானோ என்ற பயத்தில், ஒரு சின்ன டப்பா வெள்ளிப் பெயின்ட் வாங்கி சிலிண்டரின் கழுத்தைச் சுற்றி இரண்டு தரம் பூசினேன். ஆண்டு மறைந்தது. அவன் பார்க்கவேயில்லை, வாய்வரை நிரப்பித் தந்தான்.

"பழசே இது?" என்று அத்தான் கேட்டார்.

"இல்லை அத்தான், நல்ல சாமான். புதுசா மாத்தித் தந்தவங்கள்."

அன்று பின்னேரம் அவர் இரண்டு தரம் தேத்தண்ணீர் போட்டார்.

ஞாயிறு காலை. நல்ல வெயில், சிலிண்டர் இருந்த பெட்டியில் நேராக அடித்தது. காற்று உள்ளே வராதிருக்க அந்தப் பெட்டியின் அடித்துவாரங்களை நாங்கள் பழந்துணியால் அடைத்திருந்தோம். காஸ் கசிந்தால் வெளியே போவதற்கான துவாரங்கள் அவை என்பது எங்களுக்குத் தெரியாது. தேவாலயப் பூசைக்குப் போக அத்தான் வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். தடிமன் பிடித்து மூக்கடைத்திருந்ததால் அவருக்குக் காஸ் மணம் தெரியவில்லை; தேத்தண்ணீருக்கு அடுப்பைப் பற்றவைக்கப் போனார். நான் வளவு மூலையில் இருந்த குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் பெரிதில்லை. தடித்த துணியை உதறியதுபோல. ஜன்னல் கழன்று புல்லில் விழுந்தது. அத்தான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் முன்னால் நீட்டியிருந்தார். புருவம் இல்லை. "தண்ணி ஊத்து, தண்ணி ஊத்து" என்றார், ஆறுதலாக, என்னைப் பயப்படுத்தக் கூடாது என்பதுபோல. நான் வாளியோடு ஊற்றினேன்.

எதிர்மாடியில் இருந்த ஒரு பெண் தீயணைப்புப் படையை அழைத்திருந்தாள். அவர்கள் வந்து, தீயை அணைத்து, இரண்டு சிலிண்டர்களையும் வெளியே எடுத்து நனைத்தார்கள். ஒருவர் பொசுங்கிய பெயின்டைக் கையுறையால் தேய்த்துப் பார்த்தார்.

"இதைப் பூசியது யார்?"

"தெரியாது" என்றேன்.

அவர் கையுறையில் ஒட்டிய பெயின்டைத் துடைத்தார். பிறகு சிலிண்டர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். என் கடதாசியை யாரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அத்தானின் கைகள் முழங்கைவரை கட்டப்பட்டன. சிஞ்ஞோரா ஒருமுறை வந்து அழுதார், பழங்களை வைத்துவிட்டுப் போனார். அத்தானின் கையில் கொதியெண்ணெய் பட்டது என்று அக்காவுக்கு எழுதினேன். தினமும் வேலை முடிந்து போய் அத்தானுக்குச் சோறு தீத்தினேன். வாறவர் போறவர் எல்லாருக்கும் அவர் ஒன்றையே சொன்னார்: "நான்தான் காஸ் திறப்பைச் சரியாப் பூட்டேல்லை போல. என்ரை கவலையீனம்." பக்கத்துக் கட்டில்காரனுக்கும் தனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலிய மொழியில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று கிழமை அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாலாம் கிழமை என்னால் முடியவில்லை. கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னேன். "அத்தான், அது பழைய சிலிண்டர். கடைக்காரன் ஏலாதெண்டவன். நான்தான் பெயின்ட் அடிச்சு நிரப்பினனான்."

வாயில் இருந்த சோற்றை மென்று விழுங்கிய பிறகுதான் பேசினார். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீங்கள் பூட்ட விட்டிருக்க மாட்டியள்."

"ஓம். விட்டிருக்க மாட்டன்." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "கொக்காவுக்கு எண்ணெய் எண்டே இருக்கட்டும்" என்றார்.

வலது கையின் மூன்று விரல்கள் பிறகு மடங்கவேயில்லை. படிக்கட்டு வேலை போயிற்று. தேவாலயத்துப் பங்குக்காரர் சிலர் போர்கோ வெக்கியோவில் தங்கள் அறையில் அவருக்கு ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். அவருடைய பையை நான்தான் நாலு மாடி தூக்கிக்கொண்டு போனேன். வாசலில் அதை என்னிடமிருந்து வாங்கி, விரல்களால் பிடிக்க முடியாமல், முழங்கை மடிப்பில் கொளுவிக்கொண்டார்.

"சரி, நீ போ. வேலைக்குப் பிந்தப் போகுது" என்றார்.

கதவைத் தோளால் சாத்தினார்.