மூன்று பூனைகளுக்காக ஒருசந்தி

சென்ற செவ்வாய்க்கிழமை காலையில் நம் கோவிலில் துக்க மணி அடித்தபோது நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். யாரோ போய்விட்டார்கள் என்று தெரிந்தது, யாரென்று தெரியவில்லை. துக்க மணி கேட்டால் நம் பங்கில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கோவில்பிள்ளை சவரிமுத்து அண்ணனைக் கேட்டால் தெரிந்துவிடும் என்று கோவிலுக்கு நடந்தேன். வழியில் இன்னும் நாலைந்து பேர் அதே காரியமாக வந்துகொண்டிருந்தார்கள். மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பெரிய சாமியாரின் சமையற்காரர். "அண்ணன் எங்க? யாராம் தவறிப்போனது?" என்று கேட்டேன். அவர் கயிற்றை விடாமலே என்னைப் பார்த்தார். "அவருதான் வாத்தியாரே," என்றார். 

அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் அவரைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்த ஒரு விஷயம் தப்பு. அதைச் சொல்லாமல் என்னால் அவருக்கு அஞ்சலி செலுத்த முடியாது. நான் பங்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுப்பவன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஆர்மோனியம் வாசிப்பவன். எனக்கும் அவருக்கும் வருஷக்கணக்கான பழக்கம். கோவிலைத் திறப்பதும் பூட்டுவதும், பூசை உடுப்புகளை எடுத்துவைப்பதும், மெழுகுதிரிகளையும் நற்கருணை அப்பத்துக்கான கோதுமை மாவையும் பத்திரப்படுத்துவதும் அவர் வேலை. கோவில் வளவுக்குள் இருந்த சின்ன ஓட்டு வீடும் அந்த வேலையோடு சேர்ந்தது. பூசைச் சாமான்கள் இருக்கும் பின்னறையின் சாவி அவர் இடுப்பில் இருக்கும்வரைதான் அந்த வீடு.

பின்னறைக்குப் பூனைகள் வந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வருஷம், பாஸ்குவுக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலம் தொடங்கும் சமயத்தில், ஊதா நிறப் பூசை உடுப்பை எடுத்து விரித்தால் முதுகுப்பக்கம் எலி கடித்துச் சல்லடையாக்கியிருந்தது. பாஷாணம் வாங்கி வைத்தால் தீர்ந்தது என்றார்கள். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆண்டவருக்கு அப்பம் சுடற மாவு இருக்கற எடத்துல நஞ்ச வெப்பாங்களா? எலி அதுல கால வெச்சுட்டு மாவுல கால வெச்சா?" என்று கேட்டார். மூன்று பூனைகள் வந்தன. அவற்றுக்குப் பெயர் வைக்கும்போது புனிதர்களான அர்ச்சியசிஷ்டர்களின் பெயர் கூடாது என்று சாமியார் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அவரவர் படுக்கிற இடத்தை வைத்து மாவுக்காரி, மெழுகுக்காரி, துணிக்காரன் என்று அண்ணன் கூப்பிட்டார்.

பூனைக்குச் சோறு போட்டால் அது எலி பிடிக்காது என்பது நம்மில் பலருடைய எண்ணம். அண்ணன் அதைக் கேட்டாலே சிரிப்பார். "பசியோட இருக்கற பூனை மீன் மார்க்கெட்டுக்குத்தான் போவும். அங்க கெடைக்கறத உட்டுட்டு இங்க வந்து எலிக்காகக் காத்துக்கெடக்க அதுக்கு என்னா தலையெழுத்து? வயிறு நெறஞ்சாத்தான் அது வீட்டோட இருக்கும். வீட்டோட இருந்தாத்தான் எலி வந்தா சும்மா உடாது," என்பார். பழசு, ஊசிப்போனது, குப்பையில் கிடந்தது எதையும் அவற்றுக்குப் போட விடமாட்டார். காரப்பொடி மீனோ நெத்திலியோ, அன்றைக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும். உப்பில்லாமல் வேகவைத்து, முள் எடுத்து, குழைந்த சோற்றில் பிசைந்து வைப்பார். எங்கள் வீட்டில் எனக்கு இந்த மரியாதை கிடையாது என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

இதற்கெல்லாம் கோவில் பணத்தில் ஏதோ கொஞ்சம் ஒதுக்கியிருந்தார்கள். மீன் மலிந்த காலத்தில் அது போதும். பிறகு அந்தத் தபசுகாலம் வந்தது. எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். ஆலைகள் பாதி நாள் மூடிக் கிடந்தன. கடலில் மீன்பாடு இல்லை. நம் வீடுகளிலோ வெள்ளிக்கிழமைதோறும் சுத்தபோசனம். கறி ஆகாது, மீன் ஆகும் என்பதால் கிடைத்த கொஞ்ச மீனுக்கும் ஊரே கூடையைச் சுற்றி நின்றது. குருசுக்குப்பத்திலிருந்து வரும் மீன்காரி அஞ்சலை கூடையை இறக்கி விலை சொன்னதும் அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "என்னா அஞ்சல, இது காரப்பொடி வெலயா, வஞ்சிரம் வெலயா?" "நான் என்னாண்ணே பண்றது? எங்க ஊட்டுல நாங்களே மீன் தின்னு நாளாவுது," என்றாள் அவள். அது பொய்யில்லை என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அண்ணன் கணக்குப் பார்க்கும் தாவீது முசேயிடம் போனார். தாவீது முசே கவர்னர் மாளிகைப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நம் பக்தசபைக்குத் தலைவர். பிரெஞ்சுக்காரர்களின் மரியாதைப்படி எல்லோருக்கும் அவர் 'முசே'. "பூனைக்குச் சம்பள உயர்வா? ஆலைக்காரனுக்கே இல்லையே!" என்றார் அவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கஞ்சிக்கு வழியில்லாத குடும்பங்கள் கோவில் வாசலில் உட்கார்ந்திருந்த காலம் அது. அண்ணன் திரும்பிவிட்டார். கருவாட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை எடுத்துப் பார்த்தார். மாவுக்காரி பீடத்துக்கு முன்னால் விரிக்கிற சமுக்காளத்தின் மேலேயே வாந்தி எடுத்தாள். மோர்ச் சோறு வைத்துப் பார்த்தார். துணிக்காரன் அதை முகர்ந்துவிட்டு மதிலேறிப் போனவன் இரண்டு நாள் திரும்பவில்லை. ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருவிழாவுக்காக வீட்டுக்கு வீடு தண்டிய காசில் வாங்கி வைத்திருந்த பெரிய திரியின் அடியில் எலிப்பல் பதிந்திருந்தது. அதை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார் அண்ணன்.

அந்த வெள்ளிக்கிழமைதான் அவர் கறிக்கடைக்குப் போனார். வெள்ளிக்கிழமையில் நம் ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்பதால், கடைக்கார பாய் நுரையீரல், குடல் என்று விற்காததையெல்லாம் சும்மா கொடுப்பதுபோல் கொடுத்தார். அதை இலையில் கட்டி எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில், பெரிய தெரு வழியாகவே அண்ணன் வந்தார். மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இலையில் ரத்தம் கசிந்து சொட்டியது. எதிரில் தாவீது முசே வந்தார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் விசாரணை நடந்தது. நானும் இருந்தேன். பெரிய சாமியார் பிரான்சிலிருந்து வந்தவரானாலும் தமிழ் நன்றாகப் பேசுவார். "சவரிமுத்து, வெள்ளிக்கிழமை கறி வாங்கினாயா?" என்று கேட்டார். "வாங்கினேன் சாமி. பூனைக்கு." "பூனைக்கென்று சொன்னால் நானும் வாங்கலாமே!" என்றார் தாவீது முசே. பின்னாலிருந்து சிலர் சிரித்தார்கள். சாமியார் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தைக் காட்டி, "இதைத் தொட்டுச் சொல். நான் நம்புகிறேன்," என்றார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பூனைச் சோத்துக்கெல்லாம் ஆண்டவரச் சாட்சிக்குக் கூப்புட மாட்டேன் சாமி. தப்பா நெனச்சுக்காதீங்க," என்றார். தொட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். அவர் தொடவில்லை; கறியைத் தின்றிருக்கிறார் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். தபசுகாலம் முடியும்வரை கோவில் வளவுக்குள் கறி வரக்கூடாது, அது பார்ப்பவர்களுக்குக் கெட்ட வழி காட்டும் துர்மாதிரிகை, மறுபடியும் வந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அவரைப் பார்த்து "வெள்ளிக்கிழமை சவரிமுத்து" என்று கூப்பிட ஆரம்பித்ததும் அன்றுதான்.

அடுத்த வாரம் துக்க வெள்ளிக்கான பாட்டுகளைப் பற்றிப் பேச அவர் வீட்டுக்குப் போனேன். நல்ல மீன் வாசனை. "என்னா அண்ணி, குழம்பு தூக்குதே," என்றேன். அவர் மனைவி லூர்தம்மாள் அடுப்பை விட்டுத் திரும்பாமலே, "எங்களுக்கில்ல தம்பி. மூணு தொரைங்களுக்கு. நாங்க மத்தியானமே முடிச்சுட்டோம்," என்றார். வேடிக்கையாகச் சொல்வதாக நினைத்தேன். அடுப்பில் வேறு சட்டி இல்லை. அண்ணன் தரையில் உட்கார்ந்து வெந்த மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்து முடித்ததும் விரல்களில் ஒட்டியிருந்த மீனை நக்கவில்லை. கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கழுவி, அந்தத் தண்ணீரையும் பூனைச் சோற்றிலேயே ஊற்றினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. புருஷனும் பெண்டாட்டியும் ராச்சாப்பாட்டை நிறுத்திவிட்டு, அந்தக் காசில் அஞ்சலையிடம் மீன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 

ஒருவேளைச் சாப்பாடு எத்தனை நாள் தாங்கும்? அண்ணனின் கன்னம் ஒட்டிப்போயிற்று. சிலுவைப்பாதையின்போது சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தவர் ஒருமுறை தடுமாறித் தூணைப் பிடித்துக்கொண்டார். மாலையில் அவர்கள் வீட்டில் புகை வருவது பூனைகளுக்காக என்று யாருக்குத் தெரியும்? அது அவருடைய அன்றைய ஒரே வேளைச் சாப்பாட்டுக்கு என்றெண்ணி, ஒருசந்தி இருக்கிறார், தின்ற கறிக்குப் பரிகாரம் செய்கிறார் என்று பங்கு முழுக்கப் பேசிக்கொண்டார்கள். பேச்சில் இப்போது கேலி இல்லை, மரியாதை வந்திருந்தது. குருத்து ஞாயிறு அன்று கூட்டத்துக்கு நடுவில் தாவீது முசே அவரைக் கட்டிக்கொண்டார். "சவரிமுத்து, நாங்க எல்லாரும் உன்ன மன்னிச்சுட்டோம்," என்று சொன்னபோது அந்த மனிதர் கண்களில் உண்மையாகவே கண்ணீர் இருந்தது. அண்ணன் தலையை ஆட்டி, "ரொம்ப நன்றிங்க முசே," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னறைக்குப் போய், "செய்யாத தப்புக்கு எதுக்குண்ணே மன்னிப்பு வாங்கிக்கறீங்க? நான் போயி எல்லார் முன்னாடியும் சொல்றேன்," என்றேன். அவர் குருத்தோலைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "உடு வாத்தியாரே. மன்னிக்கறது அவங்களுக்கு நல்லது. இப்பப் போயி நான் தின்னலன்னா, அத்தன பேரும் என்னா செய்வாங்க? அவங்க முகத்த அவங்க எங்க வெச்சுப்பாங்க?" என்றார். பிறகு, "சாவி எங்கிட்டயே இருக்கு. பூனைங்களும் வீட்டோட இருக்குது. எனக்கு வேற என்னா வேணும்?" என்று சிரித்தார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். அந்த வருஷம் பாஸ்குத் திரியில் அதற்குமேல் ஒரு பல்கூடப் படவில்லை.

அவர் உயிரோடு இருந்தவரை அந்த வாக்கைக் காப்பாற்றினேன். புதன்கிழமை அடக்கத்தின்போது கல்லறை ஓரத்தில் தாவீது முசே பேசியதை நீங்கள் கேட்டீர்கள். பலவீனத்தால் பாவத்தில் விழுந்து, நம் கண்முன்னே அழுது மனந்திரும்பி, நமக்கெல்லாம் முன்மாதிரியாக வாழ்ந்தவர் என்று நெஞ்சுருகச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். உங்களில் பலர் கண்களைத் துடைத்துக்கொண்டீர்கள். நான் லூர்தம்மாளைப் பார்த்தேன். அவர் அழவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் அவர் என்னைக் கூப்பிட்டார். உழவர்கரையிலிருந்து வந்திருந்த மகள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். புதிய கோவில்பிள்ளைக்கு வீட்டைக் காலி செய்ய வேண்டும். "தம்பி, அவரு உங்ககிட்ட வாக்கு வாங்கினாரு. எனக்குத் தெரியும். எங்கிட்டயும் வாங்கினாரு," என்றார். "அவரு கூட நானுந்தான் பட்டினி கெடந்தேன். அவர மன்னிச்சாங்க. எனக்கு என்னா பேரு? கறி தின்னவன் பொண்டாட்டி. கொளாயடியில இன்னிக்கும் அப்படித்தான் சொல்றாங்க. அவரு எல்லாரையும் மன்னிச்சுட்டுப் போயிட்டாரு. நான் மன்னிக்கல. நீங்க எழுதத் தெரிஞ்சவரு. எழுதுங்க."

ஆகவே எழுதுகிறேன். சவரிமுத்து அண்ணன் அந்த வெள்ளிக்கிழமையும் வேறு எந்த வெள்ளிக்கிழமையும் கறி தின்றதில்லை. லூர்தம்மாளும் தின்றதில்லை. கோவில் மாவையும் திரியையும் காத்த பூனைகளுக்கு மீன் வாங்க முடியாமல் ஒருநாள் கறி வாங்கினார்கள்; அதுவும் கூடாதென்றபோது தங்கள் சோற்றைக் கொடுத்தார்கள். இதை எந்தச் சுரூபத்தையும் தொட்டுச் சொல்ல நான் தயார். அவரைப்போல் எனக்குத் தயக்கம் இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று இந்த நாலு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். அந்தப் பொறுமை எனக்கு வராது. வந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆனால் குருத்து ஞாயிறு அன்றிலிருந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்னாரை மன்னித்துவிட்டேன் என்று யாராவது என்னிடம் பெருமையாகச் சொன்னால், அந்த ஆள் அந்தத் தப்பைச் செய்தாரா என்று முதலில் கேட்கிறேன்.