பாரூர் ஏரிக்கரையில் ஒரு கடற்கரை நடை

கடலில்லாத ஊர்க்காரர்கள் கடற்கரையில் நடக்க ஆசைப்பட்டால் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. 1955 ஜனவரியில், பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை அதைச் செய்து பார்த்தேன்.

நான் பாரூரில் பிறந்தவன், கிருஷ்ணகிரியில் பூகோள வாத்தியார். என் மனைவி பார்வதி நாகப்பட்டினத்துக்குப் பக்கத்துக் கடலோரத்துப் பெண். எங்கள் கல்யாணம் சேலத்தில் அவள் பெரியப்பா வீட்டில் நடந்தது. கோடை விடுமுறை வந்தால் அவள் அண்ணன் வந்து அழைத்துப் போவார். நான் விடைத்தாள் திருத்த வேண்டும் என்று தங்கிவிடுவேன். இந்த வருஷம் ஆறு வயது மகள் வசந்தாவோடு இரண்டு மாதம் போவதாகச் சொன்னாள். ஓட்டல் சாப்பாட்டை நினைத்துப் பயந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் அவர்கள் இல்லாத வீட்டை நினைத்துத்தான் பயந்தேன்.

"கடல் பார்க்கத்தானே போற? எங்க பாரூர் ஏரியே கடல்தான். வந்து பாரு. ஒத்துக்கிட்டா பதினைஞ்சு நாள்ல திரும்பிடணும்" என்றேன். அவளும் சரி என்றாள்.

காலை ஏழு மணி பஸ். ஆளுக்கு எட்டணா, வசந்தாவுக்கு நாலணா. எட்டரைக்கு இறங்கினோம். முதல் ஒரு மைல் வாய்க்கால் ஓரமாக, இருபுறமும் நெல் வயல். குழந்தைகள் தாராளமாக நடக்கலாம். வாய்க்கால் வறண்டு கிடந்தது. புளியோதரைத் தூக்குவாளியைச் சுமப்பானேன் என்று, புங்கமர நிழல் விழும் இடமாகப் பார்த்து அதை வாய்க்காலுக்குள் குளிர்ந்த மணலில் வைத்தேன்.

"தண்ணி வர்ற எடத்துல சோத்த வைக்கக் கூடாதுங்க" என்றாள் பார்வதி.

"இது வாய்க்கால். உங்க ஊர் கடல் மாதிரி நெனைச்ச நேரத்துக்கு வராது."

தூரத்தில் தமுக்குச் சத்தம் கேட்டது. ஏதோ கோயில் விசேஷம் என்று அவளுக்கு விளக்கினேன்.

பிறகு ஏரிக்கரை மேல் ஒன்றரை மைல். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் வந்து சேரும் மூலையில் நல்ல மணல் திட்டு உண்டு. அதுதான் நமது கடற்கரை. பார்வதி தன் செருப்பை எடுத்துப்போய் மேட்டில் வைத்தாள், அலை இழுத்துப் போகாமலிருக்க அவள் ஊர்ப் பழக்கம். தண்ணீரில் இறங்கி நின்று ஒரு கை அள்ளி வாயில் விட்டாள்.

"உப்பே இல்லியே."

"உப்பு புளியோதரையில இருக்கு" என்றேன். வசந்தா அலை எப்போது வரும் என்று இரண்டு தடவை கேட்டாள். காற்று அடிக்கட்டும் என்று சமாளித்தேன்.

பதினொன்றரைக்குப் பசியோடு திரும்பினால், வாய்க்காலில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடுகிறது. தூக்குவாளி இல்லை. மடை திறக்குமுன் தமுக்கு அடிப்பது எங்கள் ஊர் வழக்கம். சிறு வயதில் அதன் பின்னாலேயே ஓடியவன் நான். பன்னிரண்டு வருஷ டவுன் வாசம் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டது.

தண்ணீர் போகிற பக்கமே அரை மைல் ஓடினோம். வயல்களுக்குத் தண்ணீர் முறை வைத்து விடும் முனியப்பன், ஒரு வயல் மடைவாயில் நின்றுகொண்டு எங்கள் வாளியைக் கையில் வைத்திருந்தார். இறுக்கமான மூடி, உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

"ஏங்க வாத்தியாரே, தமுக்கு அடிச்சமே, காதுல உழலியா? வெளியூருக்காரங்க யாரோன்னு இல்ல நெனைச்சேன்" என்றார்.

அவரையும் உட்காரவைத்து நான்கு பேராகச் சாப்பிட்டோம். பார்வதி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "ஒத்துக்கறேன். சோத்தையே தூக்கிட்டுப் போச்சே, இது கடல்தான்."

"அப்போ பதினைஞ்சு நாள்?"

"இருங்க. நீங்க கடலைப் பார்த்திருக்கீங்களா?"

பன்னிரண்டு வருஷமாக ஐந்து சமுத்திரங்களையும் குச்சியால் தொட்டுக் காட்டுகிறவன் நான். "படத்துல" என்றேன். முனியப்பன் எனக்காக இரங்கி, "நானும் பார்த்ததில்லீங்க" என்றார்.

போகிறவர்களுக்கு: தண்ணீர் முறை என்றைக்கு என்று பஸ் நிற்கும் இடத்திலேயே விசாரியுங்கள். வாளிக்கு மூடி இறுக்கமாக இருக்கட்டும். திரும்பும் பஸ் மூன்று மணிக்கு.

மறுநாள் பார்வதி தன் அப்பாவுக்குக் கார்டு எழுதினாள். தபாலில் போடும் சாக்கில் படித்தேன். "இரண்டு மாதம்தான். இந்தத் தடவை மூன்று பேர் வருகிறோம். இவருக்குக் கடல் காட்ட வேண்டும். சாப்பாட்டை எங்கே வைப்பது என்று அதற்கு முன்னால் சொல்லிக்கொடுங்கள்."