கண்காட்சிப் பெட்டியைத் தேடித் திருத்தணிக்கு

காலை ஆறரை மணி, சென்னை சென்ட்ரல். திருத்தணி போகும் மின்சார ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. டிக்கெட் இருபது ரூபாய். எண்பத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு இதைவிட மலிவாக யாரும் கூட்டிப் போக மாட்டார்கள். பெட்டி நிறைய மொட்டையடிக்கப் போகும் குடும்பங்கள். எனக்கு வேண்டுதல் எதுவும் இல்லை. நான் செய்த ஓர் அறையைத் தேடிப் போய்க்கொண்டிருந்தேன்.

கண்காட்சிகளுக்கு ஸ்டால் வடிவமைப்பது என் தொழில். கடைசி நாள் மாலையே அரங்கைக் காலி செய்துவிட வேண்டும். அதனால் பார்த்துப் பார்த்துச் செய்ததையெல்லாம் கடப்பாரையால் பிளந்து லாரியில் எறிவார்கள். பல வருடங்களாகப் பார்த்தும் எனக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. போன மருத்துவக் கண்காட்சியில், காது கேட்கும் கருவி விற்கும் ஒரு கம்பெனிக்காகச் சத்தம் புகாத சின்ன அறை ஒன்று செய்திருந்தேன். ஆறடிக்கு எட்டடி, இரட்டைச் சுவர், நடுவே பஞ்சு, கதவைச் சுற்றி ரப்பர். வருகிறவர்களை உள்ளே உட்கார வைத்துக் காதைச் சோதிப்பார்கள். அதை மட்டுமாவது உடைக்காமல், திருகாணிகளைக் கழற்றிப் பழைய சாமான்காரரிடம் கொடுக்க வைத்தேன். இப்போது அதே கம்பெனி அடுத்த மாதம் இன்னொரு கண்காட்சிக்கு வருகிறது. புதிதாக எதற்கு, பழையதையே மாட்டலாம் என்று முதலாளியிடம் மார்தட்டிவிட்டுக் கிளம்பியிருந்தேன்.

ஒன்பது மணிக்குத் திருத்தணி. ஸ்டேஷன் வாசலில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் பழைய சாமான்காரர் தணிகாசலத்தின் கிடங்குக்குப் போனேன். அவர் கதவைத் திறந்தார். கூரை முட்டப் பிளந்த ஸ்டால்கள். தரைவிரிப்புகள் சுருள் சுருளாக, பிளைவுட் பலகைகள், சிரிக்கும் மாடல்களின் ஃபிளெக்ஸ்கள். எந்தப் பலகை எந்த அரங்கில் நின்றது என்று என்னால் சொல்ல முடிந்தது. மூன்று நாள் நின்றவை எல்லாம் இங்கே மலையாகக் கிடந்தன.

“அந்த ரூம் பொட்டியா? அது போச்சுங்களே,” என்றார் தணிகாசலம். “பொதட்டூர்பேட்டை கஜபதி எடுத்துகினு போயிட்டாரு. தறி வீடு. பொண்ணு பிரசவத்துக்கு வந்துகினு இருக்கு, கொழந்தைக்கு ரூம் வோணும்னாரு.”

குழந்தைக்கா? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு ஆள் கால் மணி நேரம் உட்கார்ந்து எழுவதற்காகச் செய்தது அது.

பத்தரை மணி பஸ். பொதட்டூர்பேட்டை இருபது கிலோமீட்டர்தான், ஆனால் கைகாட்டிய இடத்திலெல்லாம் நின்றது. இறங்கியதுமே தறிச் சத்தம். எந்தத் தெருவில் திரும்பினாலும் சத்தம் கூடவே வந்தது. கஜபதியின் வீட்டில் முன்கூடத்தில் நான்கு விசைத்தறிகள் லுங்கி நெய்துகொண்டிருந்தன. பின்கட்டில், நான் செய்த அறை அப்படியே நின்றது. சுவரில் கம்பெனி ஒட்டிய காதுப் படம்கூட உரியவில்லை.

யார் என்று சொன்னதும் கஜபதியின் முகம் இறுகிவிட்டது. தறிகளை ஓடவிட்டுவிட்டு வந்தார்.

“திருப்பிக் கேக்க வந்தீங்களா? நான் சும்மா எடுத்துகினு வரலீங்க. ரொக்கம் குடுத்துட்டேன்.”

அவரே சொன்னார். மகள் ரேவதியைக் கட்டிக்கொடுத்தது அரக்கோணத்தில், மாப்பிள்ளைக்கு ரயில்வே வேலை. தறிச் சத்தத்தில் பச்சைக்குழந்தை தூங்காது, அம்மா வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். மூன்று மாதம் தறியை நிறுத்தினால் அடுப்பெரியாது. மாப்பிள்ளையை நேரில் கூட்டிவந்து, உள்ளே உட்கார வைத்து, நான்கு தறியையும் ஓட்டிக் காட்டியிருக்கிறார் கஜபதி. அதன் பிறகுதான் தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீடு வந்தாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் செய்த எதுவும் இவ்வளவு உருப்படியான வேலைக்குப் போனதில்லை. உள்ளே பார்க்கலாமா என்று கேட்டேன். ரேவதி கதவைத் திறந்தாள். பாயில் ஒரு மாதக் குழந்தை தூங்கியது. கதவைச் சாத்தினாள். தறிச் சத்தம் அறுந்து போனது. கூடவே முகத்தில் அப்பிய புழுக்கத்தில் எனக்கு மூச்சு முட்டியது. அண்ணாந்து பார்த்தேன். காற்றை வெளியே தள்ளும் ஃபேன் இருந்த இடத்தில் ஃபேன் இல்லை. அந்தத் துளையிலும், காற்று உள்ளே வரும் கீழ்த்துளையிலும் கழிவு நூலைத் திணித்து, மேலே ஃபிளெக்ஸ் ஒட்டியிருந்தது.

கதவைத் தள்ளித் திறந்து குழந்தையைத் தூக்கச் சொன்னேன்.

“ஓட்டை வழியா தறிச் சத்தம் வந்துது. அதான் அடைச்சேன்,” என்றார் கஜபதி.

“காத்து வர வேற வழியே இல்லைங்க. கதவு ரப்பர்ல ஊசி நுழையாது. இதுல தூங்க வச்சா உயிருக்கே ஆபத்து.”

“இம்மா நாளு ஒண்ணும் ஆவல. பொட்டிய எடுத்துகினு போவணும்னா நேரா சொல்லுங்க. கொழந்தைய வச்சி பயம் காட்டாதீங்க.”

அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்று தைத்தது. அதற்குள் ரேவதி பேசினாள்.

“நைனா, டெய்லி காலைல எனக்குத் தலவலி. எழுந்தா கண்ணு இருட்டிகினு வருது. கதவைத் தொறந்து வச்சா கொழந்த அழுவுது, நீ தறிய நிறுத்திடுவ. அதான் சொல்லல.”

கஜபதி மகளைப் பார்த்தார். அறைக்குள் போய், சுவரில் ஒட்டியிருந்ததைக் கையாலேயே கிழித்தார். நூல் பந்து பந்தாக வெளியே வந்தது.

அதற்குப் பிறகு யாரும் சண்டை போடவில்லை. கஜபதி கடைத்தெருவில் ஒரு ஃபேன் வாங்கிவந்து மேல்துளையில் மாட்டினார். அறையோடு வந்திருந்த மிச்சப் பலகையில் வளைந்து வளைந்து போகும் குழாய் போல இரண்டு கூடு அடித்து, உள்ளே பழைய தரைவிரிப்பை ஒட்டி, துளைகளின் மேல் பொருத்தினோம். காற்று வளைந்து போய்விடும், சத்தம் விரிப்பில் அடங்கிவிடும். தறியை ஓட்டிப் பார்த்தோம். தூரத்தில் மழை பெய்வது போலக் கேட்டது. குழந்தை தூங்கியது. கதவை மட்டும் முழுக்கச் சாத்த வேண்டாம் என்று சொல்லிவைத்தேன்.

அறையைத் திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. முதலாளி திட்டட்டும். ரேவதி மோர் கொடுத்து, “அந்த ரூம்ல இன்னைக்குத்தான்க்கா பயமில்லாம படுப்பேன்,” என்றாள்.

மாலை ஐந்து மணி, திருத்தணி ஸ்டேஷன். எங்கள் ஆபீஸில் இப்படிப் பழைய சாமான்காரருக்குக் கொடுப்பதற்கு மறுபயன்பாடு என்று பெயர் வைத்து, லாரி கிளம்பியதும் கைதட்டிக்கொள்வோம். போன பொருளுக்குள் யார் படுத்துத் தூங்குகிறார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. பிளாட்பாரத்தில் நின்றபடி தணிகாசலத்துக்குப் போன் போட்டேன். ஃபேன் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“கரண்ட் சாமானை எப்பவுமே தனியா கழட்டித்தான் விப்போம்,” என்றார்.

“இதே மாதிரி ரூம் வேற யாருக்காவது கொடுத்தீங்களா?”

“ஆங். போன வருசம் வேற கம்பெனிது ஒண்ணு வந்துது. ஆர்.கே.பேட்டையில ஒருத்தர் எடுத்துகினு போனாரு. பேரு ஞாபகம் வரலீங்க. அதுவும் தறி வீடுதான்.”

சென்னை ரயில் வந்து நின்றது. மொட்டைத் தலைகளில் சந்தனம் பூசிய குடும்பங்கள் முண்டியடித்து ஏறின. நான் ஆர்.கே.பேட்டைக்குப் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டுக்கொண்டே வெளியே நடந்தேன்.