திரியாத பால்

ஊரில் அவளுக்குத் தையல்காரி என்றுதான் பெயர். மெஷினை விற்றுப் பல வருடங்கள் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. கைக்குழந்தைக்காரிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கச் சுகாதார நிலையம் ஆள் தேடியபோது அவளைத்தான் பிடித்தார்கள். அளவெடுக்கிற சாக்கில் அவள் நுழையாத வீடு கிடையாது. அவள் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் கதவைத் திறந்தார்கள் என்றும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், கதவு திறந்தால் சரி.

பிள்ளை பெற்றவளைப் பார்த்து ஊரே ஒன்றுகூடிச் சொல்லும் பொய் ஒன்று உண்டு: உனக்குப் பால் பத்தாது. அதைக் கேட்டாலே தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுடைய முதல் பிள்ளைக்கும் அதையே சொல்லி, டப்பாப் பால் மாவைத் தண்ணீராய்க் கரைத்து ஊற்ற வைத்தார்கள். அந்தப் பிள்ளை தப்பிப் பிழைத்ததில் அவர்களுக்கு ஒரு பங்கும் இல்லை.

கடைசித் தெருவில் ஒரு மருமகள். நான்கு மாதக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுக் காலையில் செருப்புத் தொழிற்சாலை பஸ் ஏறுகிறவள். பாலைக் கையால் பிழிந்து, கொதிக்க வைத்த டம்ளர்களில் மூடி, தண்ணீர்த் தட்டில் வைத்துவிட்டுப் போகும்படி தையல்காரிதான் பழக்கிவிட்டாள். மாமியார் ஸ்பூனில் கொடுத்தால் போதும். மருமகள் ஒருநாளும் தவறவில்லை. ஆனாலும் எடை போடும்போதெல்லாம் முள் கீழேதான் போனது, குழந்தையின் தொடைத் தோல் தொளதொளத்தது. தன் பாலில்தான் சத்தில்லை, டப்பாவுக்கு மாறிவிடுகிறேன் என்று அந்தப் பெண் அழுதாள். தையல்காரி நம்பவில்லை. மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் அந்த வீட்டுக்குப் போய் நின்றாள்.

மாமியார் பின்கட்டுச் சாக்கடையோரம் குனிந்து டம்ளரைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். சர்க்கரைத் தண்ணீர் குடித்த குழந்தை உள்ளே தூங்கியது. தையல்காரிக்குக் கோபம் தலைக்கேறியது. மாமியார் ஓடவும் இல்லை, ஒளிக்கவும் இல்லை. இன்னொரு டம்ளரைத் திறந்து காட்டினார். மேலே கெட்டியாக ஒரு படலம், கீழே நீலம் பாய்ந்த தண்ணீர்.

"தினமும் இப்படித்தான் திரிஞ்சு போகுது. பாவம், தூக்கத்தைக் கெடுத்து எடுத்து வைக்கிறா. மனசு நோகுமேன்னு அவகிட்ட சொல்லல."

அது திரிந்ததல்ல என்றாள் தையல்காரி. தாய்ப்பாலை அசையாமல் வைத்தால் கொழுப்பு மேலே வந்து மிதக்கும். டம்ளரை வாங்கி மெல்லச் சுழற்றினாள். பால் ஒன்றாகக் கலந்து வெளுத்தது. கலக்கினால் கெட்டதும்தான் கலந்துபோகும் என்றார் மாமியார். பிறகு குரல் இறங்கியது.

"கெட்ட பால் குடிச்சுதான் என் மூத்தது போச்சு. இன்னொண்ணை என் கையால அனுப்ப மாட்டேன்."

தையல்காரியின் கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. இதற்குப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒரு ஸ்பூன் எடுத்து, அந்தப் பாலில் மொண்டு, தானே குடித்தாள்.

"இங்கயே உட்காருறேன்கா. எனக்கு எதாவது ஆகுதான்னு பாருங்க."

வாசலில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். மதில் மேல் இரண்டு தலைகள் முளைத்துச் சிரித்தன. மற்ற வீடுகள் என்ன ஆயிற்று என்று மேலதிகாரி போனில் பிடித்துக்கொண்டார்.

"பால் குடிச்சிட்டு உட்கார்ந்திருக்கேன் மேடம். செரிச்சதும் வரேன்."

மேலே எழுதிப் போடுவேன் என்றார் அவர். தாராளமாக எழுதுங்கள் என்று தையல்காரி போனை மடியில் போட்டாள். மாமியார் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார். வயிறு புரட்டுகிறதா என்று கேட்டார். பசிக்கிறது என்றாள் தையல்காரி, அது உண்மைதான்.

குழந்தை எழுந்து வீறிட்டது. மாமியார் டம்ளரை எடுத்தார், சுழற்றினார், முகர்ந்தார். மடியில் கிடந்த குழந்தையின் வாய் ஸ்பூனைத் தேடியது. அவர் முதல் ஸ்பூனைத் தன் வாயில் ஊற்றிக்கொண்டு கண்ணை மூடினார்.

"இனிக்குது," என்றார் மாமியார். "இத்தனை நாளா சாக்கடைக்கு ஊட்டியிருக்கேன்."

அடுத்த ஸ்பூன் குழந்தைக்குப் போனது, அதற்கடுத்ததும். கடைவாயில் வழிந்ததை விரலால் வழித்து மறுபடி ஊட்டினார். கண்ணீர் தாடைக்கு இறங்கியது, துடைக்கக் கை ஒழியவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் மாமியாரும் பால்குடி ஆகிவிட்டதாக யாரோ கேலி பேசினார்கள். தையல்காரி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாமியார் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"சிரிக்கிறவங்க அடுத்த மாசம் அவங்கவங்க வீட்டுக் குழந்தையைத் தூக்கிட்டு வந்து இது பக்கத்துல படுக்கப் போடுங்க. எது கொழுகொழுன்னு இருக்கு, யாரு சிரிக்கிறாங்கன்னு அப்போ பார்ப்போம்."