இரண்டு கோடு போட்ட ரீப்பர்

மாரிகுப்பத்தை விட்டுப் பாலகாட் சுரங்கத்துப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன், போன திங்கட்கிழமை. தோளில் ஒரு துணி மூட்டை, வயிற்றில் ஒன்றும் இல்லை. வேலையை விட்டுவிட்டேன். யாரும் துரத்தவில்லை, நானேதான். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல.

என்ன வேலை? ரீப்பர் பொறுக்குவது. துரை பங்களாவுக்கு வெளிச்சுவர் முழுக்கப் பலகை. அந்தப் பலகைகளை ஆணியடித்துப் பிடித்திருக்கும் சட்டம்தான் ரீப்பர். பலகையை எல்லோரும் பார்ப்பார்கள். ரீப்பரை யார் பார்க்கிறார்கள்?

ஒரு முனையைக் கண்ணருகே வைத்து நீளவாட்டில் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். கணு இருந்தால் ஆணி இறங்கும்போது பிளக்கும். ஓரத்தில் வெள்ளை ஓடினால் கறையானுக்குச் சாப்பாடு. எல்லாவற்றையும்விட மோசம் ஈர மரம்... இன்றைக்கு ஆணியைக் கெட்டியாகப் பிடிக்கும், காய்ந்ததும் விட்டுவிடும். இதில் எது இருந்தாலும் சாக்குக்கட்டியால் இரண்டு கோடு போட்டு ஒதுக்குவேன். கழித்த குவியல் பெரிதாக இருந்தால் எனக்குப் பெருமை.

அந்தக் குவியல் எங்கே போகிறது? ஒரு நாளும் கேட்டதில்லை.

கூலிக்காரர்களுக்கென்று புதிதாகக் கட்டிய வரிசை வீடுகளுக்கு, அதாவது கூலி லைனுக்கு, எனக்குத் தெரிந்த முனியம்மா குடிவந்தாள். புருஷன் கோவிந்தனுக்குத் தங்கச் சுரங்க ஷாஃப்டில் நைட் ஷிப்ட். மூங்கில் தட்டி வீட்டிலிருந்து பலகை வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். வெளியே பலகை. உள்ளே நின்றால் ரீப்பர்கள் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் என் இரண்டு கோடு.

"துரை வூட்டுக்கே மரம் பாக்கறவரு நீங்க. சொல்லுங்கண்ணா, நல்லா கீதா?"

எனக்கு வேலை கொடுத்த மேஸ்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"நல்லா கீதும்மா" என்றேன்.

இரண்டு மாத வெயிலில் மரம் காய்ந்தது. முதல் மழைக்கு முந்திய காற்று வாசல் வழியாகப் புகுந்து, ஒரு பக்கச் சுவரையே வெளியே தள்ளியது. வெளியே அந்தச் சுவரோர நிழலில் கோவிந்தன் படுத்திருந்தான், ஷிப்ட் முடித்த பகல் தூக்கம். வலது கை மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. சுத்தியல் பிடிக்கிற கை. இனி ஷாஃப்டில் அவனுக்கு என்ன வேலை?

பார்க்கப் போனேன். முனியம்மா திட்டவில்லை. விழுந்த ரீப்பர் ஒன்றைச் சுவரில் சாத்தி வைத்திருந்தாள்.

"கோடு போட்டது நீங்கதானாமே ணா."

அவ்வளவுதான் கேட்டாள். மூட்டையைக் கட்டினேன்.

மரம் மோசம் என்று கண்டுபிடிக்க ஓர் ஆளுக்குக் கூலி. அதை யார் தலையில் கட்டுவது என்று பார்க்க இன்னோர் ஆள். இருவருமே வேலையைச் சரியாகத்தான் செய்கிறோம், இல்லையா?

மறுநாள் காலை, பாலகாட்டில் ஒரு காண்டிராக்டர் எனக்கு என்ன தெரியும் என்று கேட்டார். மரம் பார்ப்பேன் என்றேன். கழிக்கிறது எங்கே போகும் என்று முதல் தடவையாகக் கேட்டேன்.

"லைனுக்குத்தான். வேற எங்க போவும்?"

பசித்தது. அவர் நீட்டிய சாக்குக்கட்டியை வாங்கிக்கொண்டேன்.